வடக்கே பார்த்த பேனல்

மார்கழி 5, சனி

கீழே லேசான பனி, மலையில் நல்ல பனி. சடையன் தோட்டத்து சோலார் மோட்டார் ஏன் தண்ணீர் இறைக்கவில்லை என்று இன்று கண்டுபிடித்தேன். தப்பு என்னுடையது. கண்டுபிடித்த பிறகும், "தூசிதான், நல்லா தொடைங்க" என்று சடையனிடம் சொல்லிவிட்டு வண்டி ஏறி வந்துவிட்டேன்.

எழுதியாயிற்று. இனி வரிசையாக.

விடிந்ததும் கிளம்பினேன். ரோடு முழுக்கக் கரும்பு டிராக்டர். கச்சிராயபாளையத்தில் டீ, சர்க்கரை ஜாஸ்தி. மலை ஏற ஏறக் காது அடைப்பு. வண்டியில் மோட்டாருக்கு ஒரு புது கண்ட்ரோலர் பெட்டி. பழையதைக் கழற்றி இதை மாட்டினால் சரியாகும் என்று சொல்லி விற்றுவிடலாம் என்பது திட்டம். பழையதில் கோளாறு இருக்காது என்று எனக்கே பாதி தெரியும். பம்புசெட் கடை வைத்து முடி நரைத்தவனுக்கு இது தெரியாதா.

தோட்டத்தில் சடையன் மட்டும். அவன் மனைவி ராமாயியைக் காணவில்லை. கேட்டேன். "அம்மா வூட்டுக்குப் போய்ட்டா" என்றான், மண்ணைப் பார்த்துக்கொண்டு.

சாமந்தி. பொங்கலுக்குப் பறிக்க வேண்டியது. கிணற்றை ஒட்டிய பாத்திகள் பச்சை. தள்ளிப் போகப் போக வாடல், கடைசிப் பாத்திகளில் மொட்டோடு கருகல். கார்த்திகை மழையில் கிணறு பாதிக்கு மேல் நிரம்பி இருக்கிறது. வெயிலும் அடிக்கிறது. குழாயில் மட்டும் தண்ணீர் சின்னப் பையன் ஒன்றுக்குப் போகிற மாதிரி.

உச்சிப்பொழுது. பேனலின் மேல் விளிம்புக்குப் பக்கத்தில், மேட்டில் நின்றேன். என் நிழல் பேனல் மேல் நீளமாகப் படுத்திருந்தது. தலை வடக்கே.

ஆனி மாதம் பேனல் மாட்டிய அன்று இதே இடத்தில், இதே உச்சிப்பொழுதில் நின்றேன். அன்று நிழல் காலடியில் குட்டையாகக் கிடந்தது. தெற்குப் பக்கமாக. அதைக் காட்டித்தான் அவ்வளவு பேச்சு பேசினேன்.

அப்போது என்னிடம் ஃபிட்டராக இருந்த ஏழுமலை, கம்பெனித் தாளை நீட்டி, "மொதலாளி, பேனல் மொகம் தெற்கப் பாக்கணும்னு போட்டிருக்குது" என்றான். நான் விட்டேனா. "தாள் எழுதனவன் வடநாட்டுல உக்காந்துக்கினு எழுதறான். அவனுக்கு சூரியன் எப்பவும் தெற்கதான். நம்ம நிழல் எங்க வுழுது பாரு. தெற்க. அப்ப சூரியன் எங்க? வடக்க. நீ தாளைப் பாத்து வேலை செய்வியா, வானத்தைப் பாத்து செய்வியா?" சுற்றி நின்ற ஊர் சனம் சிரித்தது. ஏழுமலை தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

நிலமும் வடக்கே சரிவு. சரிவோடு சரிவாகப் படுக்க வைத்தால் ஸ்டாண்டுக்கு இரும்பு கம்மி. அதுவும் மனதில் இருந்தது. இங்கே எழுதாமல் வேறு எங்கே எழுதுவது.

ஆனியில் நான் சொன்னது பொய் இல்லை. அன்று சூரியன் வடக்கேதான் நின்றது. ஆனியில் பார்த்தது வருஷத்துக்கும் அப்படியே இருக்கும் என்று எடுத்துக்கொண்டதுதான் கோளாறு. இப்போது அது தெற்கே எங்கோ தாழ்ந்து நிற்கிறது. பேனலோ அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

வண்டியில் இருந்த சின்ன பேனலை எடுத்து, பெரிய பேனலின் சாய்விலேயே வைத்து மீட்டரில் பார்த்தேன். பிறகு தெற்கே திருப்பிப் பார்த்தேன். கரண்ட் கிட்டத்தட்ட இரண்டு பங்கு. இன்னொரு தடவை திருப்பிப் பார்த்தேன். அதேதான். ஆழத்திலிருந்து இழுக்கிற மோட்டார், பாதிக் கரண்ட்டில் பாதித் தண்ணீர் கூடத் தராது. உறுமும், அவ்வளவுதான்.

சடையன் பக்கத்தில் வந்து, "இன்னாங்க, தெரிஞ்சுதா?" என்றான்.

அந்த நேரம் வாயில் வந்தது தூசி.

ஏன்? மலையில் இதே மாதிரி, வடக்கே பார்த்து, இன்னும் ஏழு இடத்தில் மாட்டி இருக்கிறேன். ஒன்றை ஒத்துக்கொண்டால் எட்டையும் ஒத்துக்கொண்டதாகும். அதுதான்.

ஆனால் தூசி என்று சொன்னது இது முதல் தடவை இல்லை. கார்த்திகை பிறந்ததும் சடையன் போன் செய்தபோதே சொன்னேன். "உன் வூட்டுக்காரி பேனலைத் தொடைக்கிறதே இல்ல போலக்கீது. பொம்பள சோம்பேறியா இருந்தா மோட்டாரு எப்படி ஓடும்?" ஒரு சிரிப்பு வேறு. அவன் ஊர் டீக்கடையில் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்திருக்கிறான். ஊரே கேட்டிருக்கிறது.

இன்று இறங்கும்போது டீக்கடைக்காரர் சொன்னார். அதன்பிறகு ராமாயி விடியலில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை பேனல் துடைத்தாளாம். அப்படியும் தண்ணீர் வரவில்லை. "ராமாயி கைபட்டா வெயிலும் வத்திப்பூடும்" என்று யாரோ ஆரம்பிக்க, எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். விதை கேட்டுப் போனால்கூட அவள் கையில் கொடுப்பதில்லையாம். அதனால்தான் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

டீக்கு காசு கொடுத்துவிட்டு வந்தேன்.

புது கண்ட்ரோலர் வண்டியிலேயே இருக்கிறது. அதை விற்காமல் வந்தது ஒன்றுதான் இன்றைய நல்ல காரியம்.


மார்கழி 6, ஞாயிறு

கோவில் மைக் நாலு தெருவுக்கும் கேட்கிறது. கடை லீவு. தொண்டை கரகரப்பு. என் மனைவி செல்வி மிளகு ரசம் வைத்தாள்.

சமையல்கட்டில் உட்கார்ந்து குடிக்கும்போது வெயில் முழங்காலில் அடித்தது. தெற்கு ஜன்னல் வழியாக உள்ளே வந்து அரிசிப் பானை வரைக்கும். ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னாங்க, ஜன்னலை வெலைக்குக் கேக்கறீங்களா?" என்றாள்.

"இந்த வெயிலு எப்பவும் இங்க வருமா?"

"சித்திரையில வருமா? பனிக்காலத்துலதான் வரும். வூடு கட்டனதுலேர்ந்து இதே சமையல்கட்டுலதான சாப்புடறீங்க? தட்டைத் தவிர எதையாச்சும் பாத்தீங்களா?"

மாடிக்குப் போய்ப் பார்த்தேன். சூரியன் நேர் கிழக்கில் இல்லை. தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம், தெற்கே நன்றாக ஒதுங்கி ஏறிக்கொண்டிருந்தது. சூரியன் கிழக்கே உதிக்கும் என்று எட்டாவது வரை படித்தேன். அதற்கு மேல் படிக்கவில்லை. மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றப் போய்விட்டேன்.

போனில் வீடியோக்கள். ஒன்றில் பாட்டுச் சத்தம் ஜாஸ்தி. இன்னொருவன் நிதானமாகச் சொன்னான். பூமி தன்னைத்தானே சுற்றுவதால் பகல், இரவு. இது தெரிந்ததே. சூரியனைச் சுற்றிவர ஒரு வருஷம். இதுவும் தெரிந்ததே. ஆனால் அது சாய்ந்தபடி சுற்றுகிறது. அந்தச் சாய்வு எப்போதும் ஒரே பக்கம். எங்கே போனாலும் மாறாது. அதனால்தான் காலம் மாறுகிறதாம். சாய்வு மாறாததால் காலம் மாறுகிறது. மூன்று தடவை ஓடவிட்டுப் பார்த்தும் பிடிபடவில்லை.

இன்னொன்று. வெயில் காலத்தில் சூரியன் கிட்டே வருகிறது என்றுதான் இத்தனை நாள் நினைப்பு. இல்லையாம். மார்கழியில்தான் பூமி சூரியனுக்குக் கொஞ்சம் கிட்டேயாம். கிட்டே இருந்தும் குளிர். தூரமோ கிட்டேயோ இல்லை, சாய்வுதான் கணக்கு.

மதியம் கோடவுனுக்குப் போனேன். ஸ்டூல் மேல் ஒரு குண்டு பல்பு. ஒரு சாத்துக்குடி. அதன் நடுவே கரண்ட் பார்க்கிற டெஸ்டரைக் குத்தினேன். கள்ளக்குறிச்சிக்கு மார்க்கரில் ஒரு புள்ளி, நடுவுக்குக் கொஞ்சம் மேலே. டெஸ்டரைக் கொஞ்சம் சாய்த்து, அதன் தலை ஷட்டர் பக்கமே பார்க்கிற மாதிரி வைத்துக்கொண்டு பல்பைச் சுற்றி நடந்தேன். சொல்வதற்குச் சுலபம். கை தானாகத் திரும்பிவிடுகிறது. நாம் சுற்றும்போது கையில் இருப்பதும் நம்மோடு திரும்ப வேண்டும் என்றே கைக்குத் தோன்றுகிறது. இரண்டு சுற்று வீண்.

மூன்றாவது சுற்றில் பிடிபட்டது. நான் உள்பக்கச் சுவரோரம், பல்பு எனக்கும் ஷட்டருக்கும் நடுவில். டெஸ்டர் தலை பல்பை நோக்கிச் சாய்ந்திருக்கிறது. சாத்துக்குடியை உருட்டினால் நம் ஊர்ப் புள்ளி பல்புக்கு நேராக வருகிறது, ஒரு நூல் தாண்டியும் போகிறது. அது ஆனி. பிறகு சுற்றிவந்து ஷட்டர் பக்கம் நின்றேன். சாய்வு அதேதான், கையை அசைக்கவில்லை. ஆனால் இப்போது தலை பல்பை விட்டு விலகி நிற்கிறது. புள்ளியின் மேல் வெளிச்சம் கீழ்ப் பக்கத்திலிருந்து, சாய்வாக, அரைமனதாக. இது மார்கழி.

செல்வி வாசலில். "இன்னாங்க இது, கோடவுன்ல நவக்கிரகம் சுத்தறீங்க? எள்ளு தீபம் ஏத்தட்டா?"

சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை. அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்பீக்கர் போன் வரைக்கும். கடையில் கணக்குப் பேசும்போது அவள் இடையிடையே கேள்வி கேட்பாள். இன்று குறுக்கே பேசாமல் முழுதும் கேட்டாள்.

என் யோசனையையும் சொன்னேன். புது மாடல் ஸ்டாண்டு வந்திருக்கிறது, கஸ்டமருக்கு இலவசம் என்று சொல்லிக்கொண்டு போய் எட்டு இடத்திலும் திருப்பிவிடுவது. தண்ணீர் வரும். எனக்கும் நல்ல பேர். நல்ல யோசனைதான், வியாபாரத்துக்கு.

செல்வி சாத்துக்குடியை வாங்கி டெஸ்டரை உருவினாள். "பேனலுக்கு வழி சொல்லிட்டீங்க. அந்தப் பொம்பளைக்கு?"

"தண்ணி வந்தா அவளும் வந்துடுவா."

"வருவா. புது ஸ்டாண்டு வந்ததும் தண்ணி வந்துச்சு, அவ இருந்தவரிக்கும் வரலைன்னு பேசுவாங்க. அதையும் கேட்டுக்கினு குடும்பம் நடத்துவா."

சாத்துக்குடியைப் பிழிய எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.


மார்கழி 7, திங்கள்

வாங்க வேண்டியது: ஸ்டாண்டுக்கு இரும்பு ஆங்கிள், போல்ட் பெரிய சைஸ், துரு பெயின்ட், தொண்டை மாத்திரை.

வடக்கனந்தல் போனேன். ஏழுமலை ஆடியிலேயே என்னை விட்டு நின்றுவிட்டான். இப்போது அங்கே ஒரு தகரக் கொட்டகையில் சொந்தமாக மோட்டார் ரிப்பேர். எதிரே வண்டியை நிறுத்தினேன். பார்த்தான். எழவில்லை. முன்பெல்லாம் என் ஹாரனுக்கே எழுந்து நிற்பவன்.

"வாங்க" என்றான். கூட 'மொதலாளி' சேர்க்கவில்லை.

விஷயத்தைச் சொன்னேன். சொல்லும்போது என்னையறியாமல் குரல் தாழ்ந்தது. அவன் காயிலைச் சுற்றிக்கொண்டே கேட்டான்.

"அப்ப தெற்கதானா?"

"இப்ப தெற்க. ஆனியில வடக்கதான் இருந்துச்சு. அது பொய் இல்ல."

"பொய்யின்னு நான் சொன்னனா? நீங்கதான் சூரியனைக் கடையில சம்பளத்துக்கு வெச்சிருக்கற மாதிரி பேசனீங்க. வடக்க நில்லுன்னா நின்னுடும்னு."

"உனக்குக் காரணம் தெரிஞ்சிருந்தா அப்பவே அழுத்திச் சொல்லி இருக்கலாமே."

"காரணம் எனக்கு இன்னா தெரியும்? தாளுல இருந்துச்சு, படிச்சேன். ஊரு சிரிச்சுது, நிறுத்திட்டேன்."

சரியான பதில். பழியில் கொஞ்சம் அவன் பக்கம் தள்ளப் பார்த்தேன், அதுவும் இன்றைக்கே. பழக்கம்.

நாளைக்கு விடியலில் வா, சத்தமில்லாமல் திருப்பிவிடலாம், கூலி டபுள் என்றேன். ஏழுமலை காயிலைக் கீழே வைத்தான்.

"திருட்டுத்தனமா வரமாட்டேங்க. ஊர்ல சொல்லிட்டுத் திருப்பறதுன்னா கூப்புடுங்க, வரேன். வழக்கமான கூலி போதும்."

திரும்பும்போது அவன் கொட்டகையைக் கண்ணாடியில் பார்த்தேன். போர்டு இல்லை, ஒன்றும் இல்லை. நாலு பேர் மோட்டாரோடு காத்திருந்தார்கள்.

காலண்டரில் தை ஒன்று உத்தராயணம், சூரியன் வடக்கே திரும்பும் என்று இருக்கிறது. வீடியோக்காரன் இந்த வாரமே திரும்பிவிடும் என்கிறான். யார் சரி என்று தெரியாது. சூரியன் பற்றி இனி நான் வாயைத் திறப்பதாக இல்லை.


மார்கழி 8, செவ்வாய்

மலைக்குப் போகவில்லை. மூங்கில்துறைப்பட்டு போனேன். அங்கே எனக்கு இன்று ஒரு வேலையும் இல்லை. இரண்டு பழைய கஸ்டமரைப் பார்த்துச் சும்மா பேசினேன். ஒருவர், "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார், ஏதோ ஒரு பைப் பற்றி. டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

சர்க்கரை ஆலை வாசலில் கரும்பு வண்டிகள். பூமி சுற்றுவது நமக்கு ஏன் தெரியவில்லை என்று யோசித்துக்கொண்டு நின்றேன். மலை ரோட்டில் வளைவுக்கு வளைவு கோமுகி அணைத் தண்ணீர் இடது பக்கம் தெரியும், அப்புறம் வலது பக்கம் தெரியும். அணையா நகர்கிறது? திரும்புவது நம் வண்டி. ஸ்டியரிங் கையில் இருப்பதால் அது தெரிகிறது. பூமியில் ஸ்டியரிங் நம் கையில் இல்லை. அதனால் சூரியன் ஏறியது, சூரியன் இறங்கியது, சூரியன் வடக்கே போனது. பழி எல்லாம் எதிரே இருப்பதன் மேல்.

இப்படி எல்லாம் யோசிப்பது மலைக்குப் போகாமல் இருக்கத்தான்.

சாயங்காலம் சடையன் போன். இன்றும் ஸ்பீக்கர்.

"நல்லா தொடைச்சிட்டேங்க. நானே ஏறித் தொடைச்சேன். தண்ணி வரலிங்க."

நான் பேசுவதற்குள் பின்னால் ஒரு கிழட்டுக் குரல். "இன்னாடா அவருகிட்ட கேட்டுக்கினு கீற. அவ கைராசி அது. வியாழக்கிழமை ஊரு கூடுது. பேசி அறுத்துவுட்டுட்டு வேற ஒண்ணைக் கட்டு."

"யாருப்பா அது?" என்றேன்.

"மாமங்க. வியாழக்கிழமை பேசறாங்க, ராமாயி விஷயம். நான் இன்னா செய்யறதுன்னு தெரியலிங்க. அவ நல்லவதாங்க." பிறகு, "வேற எதாச்சும் பார்ட்டு போடணுங்களா?" என்றான்.

பார்ட் கேட்கிறான். புது கண்ட்ரோலர் இன்னும் வண்டியில்தான். இப்போது சொன்னால் வாங்குவான்.

"வியாழக்கிழமை நான் வரேன்" என்றேன். அவ்வளவுதான் வந்தது. இவ்வளவு பெரிய வாய்.


மார்கழி 9, புதன்

குளிர். ராமாயியின் அம்மா ஊர் மலைக்கு அந்தப் பக்கம். பாதி தூரம் வண்டி, மீதி நடை. மூச்சு வாங்கியது.

களத்தில் சாமை காயப் போட்டுக் கிளறிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் முந்தானையில் கையைத் துடைத்தாள். கை கண்ணில் பட்டது. உள்ளங்கை முழுக்க வெடிப்பு. பனித் தண்ணீரும் துணியும்.

"வாங்க கடைக்காரரே. பேனலைத் தொடைக்க ஆளு தேடிக்கினு வந்தீங்களா?"

நின்றபடியே சொன்னேன். தூசி இல்லை. நான் மாட்டச் சொன்ன திக்கு தப்பு. சனிக்கிழமையே தெரியும். தெரிந்தும் சடையனிடம் மறைத்தேன். பிறகு பூமி சாய்ந்திருப்பது, அது சாய்வு மாறாமல் சுற்றிவருவது, ஆனியில் ஒரு பக்கம், மார்கழியில் ஒரு பக்கம் என்று கையை ஆட்டி ஆட்டி விளக்க ஆரம்பித்தேன். அவள் கிளறுவதை நிறுத்தவில்லை.

"பூமி சாஞ்சுக்கினு சுத்துதா?"

"ஆமா."

"சுத்தட்டும். அது இன்னிக்கா சாஞ்சுது?"

ஆட்டிய கையைக் கீழே இறக்கிக்கொண்டேன்.

அவள் அம்மா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். குடித்தேன். ராமாயி கிளறுவதை நிறுத்தினாள். பிறகு வேறு குரலில் சொன்னாள். "மொதல்ல சிரிச்சேங்க, பைத்தியக்காரங்கன்னு. அப்புறம் தொடைக்கத் தொடைக்கத் தண்ணி கம்மியாய்க்கினே போச்சு. எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. நம்ம கையிலதான் இன்னாவோ கீதுன்னு. எங்க அம்மா வூட்டு வெதையக்கூட நான் தொடறதில்ல."

துடைக்கத் துடைக்கக் குறைந்ததாம். குறையத்தானே செய்யும். கார்த்திகையிலிருந்து சூரியன் நாளுக்கு நாள் தெற்கே இறங்கிக்கொண்டே போயிருக்கிறது. அவள் துடைத்த நாளும் அது இறங்கிய நாளும் ஒன்று. அதைப் பார்த்து அவளுக்குத் தன் கைமேலேயே பயம்.

தலையைக் குனிந்துகொண்டேன். மன்னிச்சுக்கோம்மா என்றேன். என் வயதுக்கு, அந்தக் களத்தில், அது ஒன்றும் பெரிதில்லை.

"அதை எங்கிட்ட சொல்லி இன்னா ஆவும்? எந்த வாயால, எங்க, எல்லாரும் கேக்கச் சொன்னீங்களோ, அங்க சொல்லுங்க. நாளைக்கு நானும் வரேன். சொன்னப்புறம் நான் கேக்கறதைக் கேப்பேன். வெலை பேசறது உங்களுக்கு மட்டுந்தான் தெரியுமா?"

ஏழுமலைக்குப் போன் செய்தேன். "சொல்லிட்டுத்தான் திருப்பறேன்" என்றேன். "சரிங்க மொதலாளி" என்றான்.


மார்கழி 10, வியாழன்

பனி விலகி நல்ல வெயில்.

டீக்கடைக்கு முன்னாலேயே கூடி இருந்தார்கள். ராமாயி தன் அண்ணனோடு வந்து வேலியோரம் நின்றாள். சடையன் இந்தப் பக்கம். இருவருக்கும் நடுவில் ஊர். மாமன் நடுவில், பீடியோடு.

ஏழுமலையோடு வண்டியில் வந்த வழியெல்லாம் பேச்சைக் கட்டி வைத்திருந்தேன். எழுந்ததும் எல்லாம் போயிற்று. "தூசி இல்ல" என்றேன். சத்தமாக. "மோட்டாரு ஓடாததுக்கு ராமாயி காரணம் இல்ல. நான் பேனலை மாத்தி மாட்டனேன். தெற்கப் பாக்கணும். ஏழுமலை அன்னிக்கே சொன்னான், நான் கேக்கல. சனிக்கிழமையே எனக்குத் தெரியும். சடையன்கிட்ட பொய் சொன்னேன்."

எங்கோ ஒரு ஆடு கத்தியது.

மாமன், "அன்னிக்கு நெழலைக் காட்டனீங்களே, நாங்க பாத்தமே?" என்றார்.

ஒரு கழியை வாங்கி நட்டேன். நிழல் வடக்கே நீண்டு விழுந்தது. "அன்னிக்கு இந்தப் பக்கம், இவ்ளோ குட்டையா இருந்துச்சு" என்று காட்டினேன்.

ஒருத்தி: "அப்ப சூரியன் எடம் மாறிச்சு, கடைக்காரருதான் மாறல."

நல்ல சிரிப்பு. ஆனியில் ஏழுமலைக்குச் சிரித்த அதே வாய்கள். ஏழுமலை சிரிக்கவில்லை, போல்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். சூரியன் மாறவில்லை, பூமிதான் என்று திருத்த வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

மாமன் விடவில்லை. "திருப்பிப் பாப்போம். தண்ணி வந்தாத்தான் பேச்சு."

எல்லோரும் தோட்டத்துக்கு. நானும் ஏழுமலையும் பழைய ஸ்டாண்டைக் கழற்றினோம். சரிவில் தெற்கே நிமிர்த்த வடக்குப் பக்கக் கால்கள் உயரம் வேண்டும். கொண்டுபோன இரும்பு அவ்வளவும் அதற்கே சரியாக இருந்தது. சடையன் தூக்கிக் கொடுத்தான். என் விரல் ஒன்று நசுங்கியது. ஊர் முழுக்க வரப்பில் உட்கார்ந்து பார்த்தது.

கடைசி போல்ட் முறுக்கியதும் மோட்டார் சத்தமே வேறு. குழாய் ஒரு தடவை துப்பியது. பிறகு கொட்டியது. கடைசிப் பாத்தி வரை ஓடியது.

சத்தம் போட்டார்கள். ராமாயி சத்தம் போடவில்லை. வாய்க்காலில் இறங்கி அந்தக் கைகளைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். மாமன் பீடியை அணைத்து, "தண்ணி நல்லாத்தான் வருது" என்று யாரிடமோ சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவள் கையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லி இருக்கலாம். சொல்லவில்லை. அந்த வார்த்தையைக் கிளப்பியவன் நான். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. ஒரு கிழவி மட்டும் போய் ராமாயியிடம் வெண்டை விதை கொடுத்தாள், கையில்.

சடையன் அவள் பக்கத்தில் போய் நின்றான். "வூட்டுக்கு வா" என்றான். "இவருகிட்ட பேசிட்டு வரேன்" என்றாள்.

வரப்பில் வைத்துப் பேசினோம். நான் எத்தனையோ வியாபாரம் பேசி இருக்கிறேன். இப்படி ஒரு பக்கமாகப் பேசியதில்லை. ஒத்துக்கொண்டது இது:

பேனல் சித்திரைக் கடைசியில் வடக்கே, ஆவணி பிறந்ததும் மறுபடி தெற்கே. வருஷா வருஷம் நானே வந்து திருப்ப வேண்டும், ஆள் அனுப்பக் கூடாது. பிழைத்த சாமந்தி பொங்கல் வரைக்கும் என் வண்டியில் கள்ளக்குறிச்சி மார்க்கெட்டுக்கு, வாடகை இல்லை. கருகிய பாத்திகளுக்கு அடுத்த நாற்று என் செலவு. மோட்டார் பற்றிப் பேச வேண்டும் என்றால் போனை ராமாயி கையில் கொடுக்கச் சொல்லிப் பேச வேண்டும். பேனல் துடைப்பது இனி சடையன். மற்ற ஏழு இடத்திலும் இதே மாதிரி ஊர் முன்னால் சொல்லிவிட்டுத்தான் திருப்ப வேண்டும். ஏழும் முடிகிற வரை புதிதாக ஒரு சோலார்கூட விற்கக் கூடாது.

சரி என்றேன்.